அப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த எஃப்ஏபிபியும் சர்க்கரை நோய்க் கட்டுரைகளில் வரும் எஃப்ஏபிபியும் ஒன்றா?

வளர்பிறை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் விடியற்காலையில் அப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தம். வாயுத் தொல்லைதான் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் அவருக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்த பிறகு அம்மாவும் நானும் காத்திருக்கவில்லை, வலி ஆரம்பித்து இரண்டு மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டோம். ஈசிஜியை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்றார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் டிரோபோனின் என்ற புரதம் நெகட்டிவ். அப்பாடா என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டையின் குழியில் அப்பாவின் ரத்தத்தைச் சில சொட்டு விட்டு மேஜை மேல் வைத்தார். எனக்கு வேறு வேலை இல்லை, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு கோடு தெரிந்தது. சில நிமிடம் கழித்து அதன் பக்கத்தில் வெளிறிப்போய் இன்னொரு கோடு. டாக்டர் வந்து அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், மூன்று மணி நேரம் கழித்து டிரோபோனினைத் திரும்ப எடுங்கள் என்றார். இரண்டாவது முறை ஏறியிருந்தது. அன்றைக்கே ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். இப்போது வீட்டில் இருக்கிறார், மெதுவாக நடக்கிறார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த அட்டையைப் பற்றி ஒரே வரிதான்: ஹெச்-எஃப்ஏபிபி பாசிட்டிவ். அந்த வெளிறிய கோடு என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. தேடிப் பார்த்தால் கொழுப்பு அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும் புரதம் என்று வருகிறது. சரி என்று மேலே படித்தால், எஃப்ஏபிபி அதிகமாக இருந்தால் சர்க்கரை நோய் வரும், ரத்தக்குழாய் அடைக்கும், புற்றுநோய் பரவும் என்றெல்லாம் கட்டுரைகள். அப்பாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, அதனால் பயம் கூடிவிட்டது.

என் கேள்விகள் இவைதான். அப்பாவைக் காட்டிக்கொடுத்த அந்தப் புரதமும் சர்க்கரை நோயோடு சேர்த்துப் பேசப்படுவதும் ஒன்றா? இது உடம்புக்கு வேண்டியதா, கெடுதலா? இதை அடிக்கடி ரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டுமா? நான் அறிவியல் படித்தவள் இல்லை, ஆனால் சொன்னால் புரிந்துகொள்வேன்.

இரவுப்பணி

அப்பா தேறி வருவது சந்தோஷம். அவரைக் காப்பாற்றியதில் முதல் பங்கு உங்களுக்கும் அம்மாவுக்கும்தான், அட்டைக்கு அடுத்த பங்கு. வாயு என்று நினைத்து மதியம் வரை காத்திருந்து வருகிறவர்களை வாரத்தில் பலமுறை பார்க்கிறேன்.

நான் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் உங்கள் கேள்வியில் இதயம் சம்பந்தப்பட்ட பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஹெச்-எஃப்ஏபிபி என்பது இதயத் தசையில் நிறைய இருக்கும் வகை, எண் வரிசையில் எஃப்ஏபிபி3. இதயம் ஓய்வே இல்லாமல் வேலை செய்கிற தசை, அது எரிக்கும் எரிபொருளில் பெரும்பங்கு கொழுப்பு அமிலம். அந்தக் கொழுப்பு அமிலத்தைச் செல்லின் சவ்விலிருந்து வாங்கி, அதை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் புரதம் என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் புரதம், சுமார் 15 கிலோடால்டன். எந்த இழையிலும் கட்டுண்டு கிடக்காமல் செல்லின் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு இதயச் செல்லின் சவ்வு கிழிந்ததும் முதலில் வெளியே கசிவது இந்த மாதிரி சின்னதாக, கட்டப்படாமல் இருப்பவைதான். டிரோபோனின் அப்படி இல்லை, அதில் பெரும்பகுதி தசை சுருங்கும் இழைகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும், இழை சிதைய சிதையத்தான் வெளியே வரும். அதனால்தான் உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது மணி நேரத்தில் ஒன்று தெரிந்தது, மற்றது தெரியவில்லை. ஹெச்-எஃப்ஏபிபி வலி தொடங்கி இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் ஏறும், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும், ஏறக்குறைய ஒரு நாளில் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். டிரோபோனின் நாள்கணக்கில் ரத்தத்தில் நிற்கும்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இதயம் அடிபட்டால் இது ரத்தத்தில் சீக்கிரம் தெரியும் என்று 1988-லேயே நெதர்லாந்தில் யான் கிளாட்ஸ் குழுவினர் காட்டிவிட்டார்கள். ஆனால் இப்போது அதிநுட்ப டிரோபோனின் சோதனைகள் வந்துவிட்டன, ஒரு மணி அல்லது இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடுத்தாலே பெரும்பாலானவர்களுக்கு முடிவு சொல்லிவிடலாம். அந்த வசதி உள்ள இடத்தில் ஹெச்-எஃப்ஏபிபியால் கூடுதலாகக் கிடைப்பது குறைவு என்பது என் கருத்து. பழைய வகை டிரோபோனின் மட்டும் இருக்கும் இடத்தில், வலி தொடங்கிய கையோடு வருகிறவருக்கு, இது கைகொடுக்கும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடு விழுந்தால் மாரடைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே புரதம் கை கால் தசைகளிலும் கொஞ்சம் உண்டு, கடுமையான உடற்பயிற்சி, விபத்தில் தசை நசுங்குவது, இவற்றிலும் ஏறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வெளியேற வழி இல்லாமல் தேங்கி நிற்கும். அதனால்தான் உங்கள் டாக்டர் கோட்டைப் பார்த்ததும் ஆஞ்சியோவுக்கு ஓடாமல் டிரோபோனினைத் திரும்ப எடுக்கச் சொன்னார். சரியான முடிவு.

பீட்டாபீப்பாய்

நான் பதினான்கு வருடமாக இந்தக் குடும்பத்துப் புரதங்களோடுதான் ஆய்வகத்தில் இருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டதில்லை, அதனால் பதில் நீளும்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: ஒன்று இல்லை, ஆனால் உடன்பிறப்புகள். இந்த வகையை 1972-இல் ஆக்னரும் அவரோடு இருந்தவர்களும் குடல், கல்லீரல், இதயத் தசை என்று பல இடங்களில் கண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு திசுவுக்கும் கிட்டத்தட்ட தனித்தனி மரபணு இருப்பது தெரிந்தது. எஃப்ஏபிபி1 கல்லீரலில், 2 சிறுகுடலில், 3 இதயத்திலும் தசையிலும், 4 கொழுப்புச் செல்லிலும் மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களிலும், 5 தோலிலும் இன்னும் பல இடங்களிலும், 6 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பித்த அமிலங்களுக்காக, 7 மூளையில், 8 நரம்பின் மயலின் உறையில். சர்க்கரை நோய், ரத்தக்குழாய் அடைப்பு என்று நீங்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் எஃப்ஏபிபி4 பற்றியது. அதற்கே ஏபி2 என்று ஒரு பழைய பெயரும் ஏ-எஃப்ஏபிபி என்று இன்னொரு பெயரும் உண்டு, ஒரே ஆளை மூன்று பெயரில் படித்துக் குழம்பாதவர்கள் குறைவு.

இவை ஏன் வேண்டும்? கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் அதை அல்புமின் என்ற புரதம் சுமக்கிறது. செல்லுக்குள் வந்த பிறகு அல்புமின் இல்லை. அங்கே அது தனியாக அலைந்தால் சவ்வுகளில் ஒட்டும், சோப்பு போலவே வேலை செய்து அவற்றைக் கலைக்கும். எனவே உள்ளே வந்த கையோடு யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கணினித் திரையில் இந்தப் புரதத்தின் வடிவத்தைச் சுழற்றிப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அலுப்பதில்லை. பத்து நாடாக்கள் வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு குட்டிப் பீப்பாய், அதன் வாயில் இரண்டு சுருள்கள் மூடி மாதிரி. உள்ளே கொழுப்பு அமிலம் பல வகைகளில் கொண்டை ஊசி போல மடங்கி உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி சில தண்ணீர் மூலக்கூறுகளும் உண்டு, ஏனென்றால் குழி அதற்குத் தேவையானதைவிடப் பெரியது. கல்லீரல் வகையில் மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு கொழுப்பு அமிலங்கள் இருக்கும்.

உடம்புக்கு வேண்டியதா என்றால், மிகவும் வேண்டியது. எஃப்ஏபிபி3 மரபணுவை நீக்கிய எலிகளின் இதயம் கொழுப்பு அமிலத்தைச் சரியாக உள்ளே எடுக்க முடியாமல் குளுக்கோஸுக்கு மாறியது, அந்த எலிகளால் உழைக்க முடியவில்லை, சீக்கிரமே களைத்துப் போயின. அதற்கு நேர் எதிர்ப் பக்கம் வலசைப் பறவைகள். நாள்கணக்கில் கீழே இறங்காமல் கொழுப்பை மட்டும் எரித்துப் பறக்கும் அவற்றின் மார்புத் தசையில் இந்தப் புரதம் பாலூட்டிகளில் இருப்பதைவிடப் பல மடங்கு. வெட்டுக்கிளியில் இன்னும் அழகு, இளம் பருவத்தில் தசையில் கண்ணிலேயே படாத இது, கடைசித் தோலுரித்து சிறகு வந்த பிறகுதான் பெருகத் தொடங்கும். மூளையில் எஃப்ஏபிபி7 நிறைய இருப்பது கருவில் நரம்பணுக்கள் உருவாகும் காலத்தில், அதற்கு மிகவும் பிடித்தது டிஹெச்ஏ என்ற ஒமேகா-3. எஃப்ஏபிபி8 மரபணுவில் பிறழ்வு வந்தால் சார்கோ-மாரி-டூத் என்ற நரம்பு நோயின் ஒரு வகை வரும்.

சுமப்பதோடு வேலை முடிவதும் இல்லை. சில வகைகள் கொழுப்பு அமிலத்தை உட்கருவுக்குள்ளேயே கொண்டுபோய், எந்த மரபணு இயங்க வேண்டும் என்று முடிவு செய்யும் பிபிஏஆர் ஏற்பிகளின் கையில் கொடுக்கின்றன.

இப்போது எஃப்ஏபிபி4. 1996-இல் ஹார்வர்டில் ஹோட்டாமிஸ்லிகில் குழு இந்த மரபணு இல்லாத எலிகளுக்குக் கொழுப்புத் தீவனம் கொடுத்தது. எலிகள் குண்டாயின. ஆனால் அந்த எடைக்கு வர வேண்டிய இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாத நிலை, வரவில்லை. உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்தேதான் வரும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. 2001-இல் அடுத்தது, மேக்ரோபேஜ்களில் இது இல்லாவிட்டால் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது வெகுவாகக் குறைகிறது என்று எலிகளில் காட்டினார்கள். 2006-இல் மனிதர்களிலேயே ஒரு சான்று: எஃப்ஏபிபி4 மரபணுவின் முன்பகுதியில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் இந்தப் புரதம் குறைவாகவே உண்டாகும் சிலருக்கு டிரைகிளிசரைடு குறைவாகவும், சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு குறைவாகவும் இருந்தது.

உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் இனிமேல்தான். அப்பாவின் ரத்தத்தில் எஃப்ஏபிபி3 வந்தது செல் உடைந்ததால், அது சிந்திய பொருள். எஃப்ஏபிபி4 அப்படி வருவதில்லை, உயிரோடு இருக்கும் கொழுப்புச் செல்லே அதை வெளியே அனுப்புகிறது, அதுவும் சேமித்த கொழுப்பைக் கரைத்து வெளியே விடும் நேரத்தில். 2013-இல் வந்த ஓர் ஆய்வு, இப்படி வெளியே வந்த எஃப்ஏபிபி4 கல்லீரலிடம் போய்க் குளுக்கோஸை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது என்று எலிகளில் காட்டியது. 2021-இல் அதே குழு இன்னொரு படி போய், ரத்தத்தில் இது இரண்டு கைனேஸ் நொதிகளோடு சேர்ந்து ஒரு கூட்டாக இயங்குகிறது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைப் பலவீனப்படுத்துகிறது என்று சொன்னது. அந்தக் கூட்டுக்கு ஃபேப்கின் என்று பெயர் வைத்தார்கள். அதாவது செல்லுக்குள் சுமை தூக்குவது, வெளியே வந்தால் ஹார்மோன் மாதிரி சேதி கொண்டுபோவது. ஒரே புரதத்தை நல்லது கெட்டது என்று என்னால் பிரிக்க முடியாததற்கு அதுதான் காரணம், எங்கே இருக்கிறது, எப்படி அங்கே வந்தது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இரவுப்பணி டாக்டர் சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். ஹெச்-எஃப்ஏபிபி கண்டறிவதற்கு மட்டும் இல்லை. நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டு இதயத்தின் வலப்பக்கம் திணறும்போது, யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரிக்கவும் இது உதவுகிறது. அந்தப் பயனை நாம் எளிதில் தள்ளிவிட வேண்டாம்.

இரவுப்பணி

நுரையீரல் ரத்தக்கட்டி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஐரோப்பிய வழிகாட்டுதலிலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். நான் மாரடைப்பை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன். இன்னொரு பயனும் ஞாபகம் வருகிறது: முதல் அடைப்புக்குச் சில நாள் கழித்து மறுபடி வலி வந்தால் டிரோபோனின் இன்னும் இறங்காமல் இருக்கும், ஹெச்-எஃப்ஏபிபி ஏற்கனவே இறங்கியிருக்கும், அதனால் புதிதாக ஏறினால் பளிச்சென்று தெரியும்.

வளர்பிறை

அக்கா, டாக்டர், இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிந்தியது, அனுப்பியது என்று பிரித்துச் சொன்னதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அம்மாவுக்கும் அதையே சொல்லிப் புரியவைத்தேன்.

அப்படியானால் அப்பாவுக்கு எஃப்ஏபிபி4-ஐ ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா? அதைக் குறைக்க மாத்திரை ஏதாவது இருக்கிறதா? சொந்தக்காரர் ஒருவர் மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்தால் கொழுப்பு அமிலம் சரியாகி இதெல்லாம் சீராகிவிடும் என்கிறார்.

பீட்டாபீப்பாய்

எடுக்க வேண்டாம் வளர்பிறை. ஆய்வகத்தில் நான் தினமும் அளக்கிறேன், இருந்தாலும் என் அம்மாவுக்கு எடுக்கச் சொல்ல மாட்டேன். காரணம், அந்த எண்ணைப் பார்த்து ஒரு டாக்டர் சிகிச்சையை மாற்றும் நிலை இன்னும் வரவில்லை. கொழுப்புத் திசு கூடுதலாக உள்ளவர்களுக்கு அதிகமாக இருக்கும், பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் அதிகம், பட்டினி கிடந்தால் ஏறும், சாப்பிட்டு இன்சுலின் வந்தால் இறங்கும். இத்தனையும் ஒரே எண்ணில் கலந்து வரும்போது அப்பாவைப் பற்றி அது புதிதாகச் சொல்வது என்ன? அவருடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு, எல்டிஎல், ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, இவையே அதைவிடத் தெளிவாகப் பேசும்.

மாத்திரை இன்னும் இல்லை. எஃப்ஏபிபி4-இன் குழிக்குள் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும் ஒரு சின்ன மூலக்கூறு 2007-லேயே எலிகளில் சர்க்கரையையும் ரத்தக்குழாய் படிவையும் குறைத்துக் காட்டியது. ஆனால் அது மனிதர்களுக்கான மருந்தாக வரவில்லை. இந்தப் புரதக் குடும்பத்தில் எல்லோருக்கும் குழி ஏறக்குறைய ஒரே மாதிரி, ஒருவரைத் தடுக்கப் போய் இதயத்தில் இருக்கும் 3-ஐயும் தடுத்துவிடக் கூடாது, அந்த நுணுக்கம்தான் பெரிய சிக்கல். 4-ஐ எடுத்துவிட்டால் கொழுப்புச் செல்லில் 5 பெருகி அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும், அது இன்னொரு தலைவலி. அதனால் இப்போது சிலர் செல்லுக்குள் போகாமல் ரத்தத்தில் சுற்றும் எஃப்ஏபிபி4-ஐ மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைச் செய்து பார்க்கிறார்கள், எலிகளில் நல்ல பலன். என் நம்பிக்கையெல்லாம் அந்த வழியில்தான்.

எஃப்ஏபிபி5 பக்கம் வேறு மாதிரியான கதை. நம் உடம்பே உண்டாக்கும் வலி குறைக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, அனந்தமைடு, ஆனந்தம் என்ற சொல்லில் இருந்து வைத்த பெயர். அதைச் செல்லுக்குள் சுமந்துபோய் உடைக்கும் நொதியிடம் சேர்ப்பது எஃப்ஏபிபி5-உம் 7-உம் என்று 2009-இல் கண்டார்கள். சுமப்பவரை நிறுத்தினால் அனந்தமைடு கூடுதல் நேரம் நிற்கும், வலி குறையும் என்பது யோசனை. அந்த வழியில் ஒரு மருந்து மனிதர்களில் முதல் கட்டப் பாதுகாப்புச் சோதனை வரை வந்திருக்கிறது.

மீன் எண்ணெய் பற்றி: இந்தப் புரதங்கள் எந்த நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலம் வந்தாலும் பிடித்துக்கொள்ளும், ஒமேகா-3 கொடுத்தால் இவை சீராகிவிடும் என்ற கணக்கு சரிவராது. ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரைகள் எடுப்பார், அதோடு எதையும் சேர்க்கும் முன் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதை ஒரு நாளும் விடக் கூடாது. அந்த வகையில் ஒன்றான அடோர்வாஸ்டாட்டின் கொடுத்தவர்களுக்கு ரத்தத்தில் எஃப்ஏபிபி4 இறங்கியதாக ஆய்வு உண்டு, ஆனால் அதைச் சாப்பிடுவது அதற்காக இல்லை, இதயத்துக்காக.

நுண்குழல்

சிறுநீரகப் பிரிவில் இருந்து ஒரு வார்த்தை. அக்கா கல்லீரல் வகை என்று சொன்ன எஃப்ஏபிபி1-க்குக் கல்லீரலோடு வேலை முடிவதில்லை. மனிதர்களுடைய சிறுநீரக நுண்குழல் செல்களிலும் அது இருக்கிறது. அந்தச் செல்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போனாலோ, விஷத்தன்மையுள்ள மருந்து பட்டாலோ, உள்ளே கெட்டுப்போன கொழுப்புகளைப் பிடித்துக்கொண்டு இது சிறுநீரில் வெளியேறுகிறது. செல் செத்த பிறகு சிந்துவது மட்டும் இல்லை, செல் திணறும்போதே வருகிறது, அதுதான் இதன் அருமை. இதய அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரத்திலேயே சிறுநீரில் ஏறிவிடும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழக்கமாக அளக்கும் கிரியேட்டினின் அதே நோயாளிக்கு ரத்தத்தில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். அந்த ஒன்றிரண்டு நாள் எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜப்பானில் 2011-இல் இந்தச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்துக் காப்பீட்டிலும் சேர்த்தார்கள்.

ஆராய்ச்சியில் நடந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். எலியின் சிறுநீரகத்தில் இந்தப் புரதம் சாதாரணமாக இல்லை. அதனால் எலியை வைத்து எதையும் பார்க்க முடியவில்லை. கடைசியில் மனித மரபணுவை எலிக்குள் வைத்தார்கள், அப்படி வைத்த எலிகளின் சிறுநீரகம் சாதாரண எலிகளைவிடக் காயத்தைத் தாங்கிக்கொண்டது. அதாவது சேதத்தின் அடையாளம் என்று நாங்கள் அளக்கும் பொருளே, செல்லைக் காக்க வேலை செய்துகொண்டிருந்த பொருளும்கூட. சிறுநீரில் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் நோயாளிகள் அதைக் குறைக்க மருந்து கேட்கிறார்கள். குறைக்க வேண்டியது அந்தப் புரதத்தை இல்லை, நுண்குழலுக்கு வந்த கஷ்டத்தை.

வளர்பிறை, ஆஞ்சியோவுக்கு அப்பாவுக்கு மருந்துச் சாயம் ஏற்றியிருப்பார்கள், அது சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கிரியேட்டினின் அதற்குப் பிறகு ஒரு தடவை பார்த்தார்களா? சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் கேட்கிறேன், பயப்படுத்த இல்லை.

ஓடைக்கரை

இந்த இழையைத் தற்செயலாகப் பார்த்தேன். எச்சில் அனுப்பி மரபணு பார்க்கும் சோதனை ஒன்றில் எனக்கு எஃப்ஏபிபி2 மரபணுவில் 54-ஆவது இடம் மாறியிருக்கிறது, கொழுப்பை அதிகம் உறிஞ்சுவீர்கள், கொழுப்பு உணவே கூடாது என்று வந்தது. ஒரு வருடமாக எண்ணெயைத் தொடப் பயப்படுகிறேன். இது நிஜமா?

பீட்டாபீப்பாய்

ஒரு வருடமா! மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்த மாற்றம் நிஜம், உலகத்தில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. 54-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின், அதனால் குடல் வகைப் புரதம் கொழுப்பு அமிலத்தைக் கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கும். 1995-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடி மக்களிடம் இதற்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள், அங்கே சர்க்கரை நோய் மிக அதிகம். ஆனால் பின்னால் வேறு மக்களிடம் பார்த்தபோது சில ஆய்வில் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவே இல்லை. இருக்கும் இடத்திலும் அது சிறியதுதான். இதை வைத்து ஒருவருக்குக் கொழுப்பே கூடாது என்று எழுதிக் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கொழுப்பே இல்லாமல் இருந்தால் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களுக்கும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களுக்கும் எங்கே போவீர்கள்? ஒரு டாக்டரிடமோ உணவியல் நிபுணரிடமோ உங்கள் ரத்தப் பரிசோதனைகளைக் காட்டி, அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எஃப்ஏபிபி2-வின் நிஜமான மருத்துவப் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. குடலின் விரல் போன்ற முனைகளில் உள்ள செல்களில் இது நிறைய. குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றால் முதலில் சாவது அந்த முனைகள், அப்போது இது ரத்தத்தில் தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் அழுகல் நோயிலும், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும் இதை அளந்து படித்துவருகிறார்கள். அப்பாவின் அட்டையில் விழுந்த கோட்டுக்கு இது ரொம்ப நெருங்கிய சொந்தம், இதுவும் சிந்திய வகைதான்.

ஓடைக்கரை

நன்றி அக்கா. அடுத்த வாரமே டாக்டரைப் பார்க்கிறேன். அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

வளர்பிறை

நுண்குழல், நீங்கள் கேட்ட பிறகுதான் ஃபைலைப் புரட்டினேன். கிரியேட்டினின் ஆஞ்சியோவுக்கு முன்னால் எடுத்தது மட்டும் இருக்கிறது, பின்னால் எடுத்தது இல்லை. இன்று காலையில் டாக்டரிடம் போனில் கேட்டேன், நாளைக்கே ரத்தம் கொடுக்கச் சொல்லிவிட்டார், அதோடு மூன்று மாதச் சர்க்கரையும். எஃப்ஏபிபி4 பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் அப்பா என்ன இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டார். பறவை, வெட்டுக்கிளி எல்லாம் சொன்னேன். இறங்காமல் பறக்கும் பறவைக்கும் தனக்கும் ஒரே புரதமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார். நேற்றைவிட ஐந்து நிமிடம் கூடுதல். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.